லைசென்ஸ் முடிந்த வாரத்தில் ஒரு வாசல்

உங்கள் லைசென்ஸ் கார்டை வெளியே எடுத்து ஒருமுறை பாருங்கள். படிப்பதை நிறுத்திவிட்டே பாருங்கள், நான் காத்திருக்கிறேன். முடிகிற தேதி கீழே பொடி எழுத்தில் இருக்கும். பார்த்தாயிற்றா? இப்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதி. மேலே சொல்கிறேன்.

ஜெர்சி சிட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய வீடுகளில் ஈயப் பெயின்ட் இருக்கிறதா என்று பார்க்கிற இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்கு நம் பிள்ளைகளும் சிலர் வர ஆரம்பித்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் சந்தோஷமாக இருந்தது. கூடவே கவலையும் வந்துவிட்டது. என் சுபாவம் அப்படி. அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் டர்ன்பைக் நெடுஞ்சாலையிலிருந்து திரும்பி வந்தவள். பட்டுக்கோட்டையில் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, இந்த நாட்டுக்கு வந்த பிறகு அடல்ட் ஸ்கூலில் உட்கார்ந்து பாஸ் செய்தவள். அதனால் பாடம் நடத்த வரவில்லை. கருவியை எப்படிப் பிடிப்பது, தூசு சாம்பிள் எப்படி எடுப்பது எல்லாம் க்ளாஸில் சொல்லித் தருவார்கள். அதில் சொல்லித் தராத ஒரு வாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சில வருஷத்துக்கு ஒருமுறை ரிஃப்ரெஷர் க்ளாஸில் நாள் முழுக்க உட்கார்ந்து, கடைசியில் பரீட்சையும் எழுதினால்தான் நம் லைசென்ஸைப் புதுப்பிப்பார்கள். உங்களில் பலருக்கு அது ஒரு நாள் வேலை கெடுகிற எரிச்சல். எனக்கு அது பயம். தெரிந்த விஷயம்தான், தினமும் செய்கிற வேலைதான், இருந்தாலும் கேள்வித்தாளைக் கையில் கொடுத்ததும் ஒன்பதாவது வகுப்புக்குப் போய்விடுவேன். ஒவ்வொரு கேள்வியையும் பலமுறை படிப்பேன். பக்கத்தில் எப்போதும் ஈக்வடார்காரர் ஒருவர் வந்து உட்காருவார். பெயின்ட் அடிக்கிற வேலையிலிருந்து இன்ஸ்பெக்டராக வந்தவர். நான் பேனாவைப் பிடித்திருக்கிற பிடியைப் பார்த்து, “விடுங்க, அது எங்கயும் ஓடிப்போகாது” என்று ஒவ்வொரு தடவையும் அதே ஜோக்கைச் சொல்வார்.

காபி இடைவேளையில் எல்லோரும் அவரவர் சொதப்பல்களைச் சொல்வார்கள். எந்த வீட்டில் எதைக் கவனிக்காமல் விட்டோம், எந்த ஓனர் எப்படி ஏமாற்றப் பார்த்தார். நான் கற்றுக்கொண்டதில் பாதி அங்கேதான். ஓய்வு பெற்றபின் எதை நினைத்து ஏங்குவேன் என்று முன்னாலேயே யாராவது கேட்டிருந்தால், அந்த ஜன்னலில்லாத அறையையும் காய்ந்துபோன டோனட் பெட்டியையும் சொல்லியிருக்கவே மாட்டேன்.

எனக்கு வேலை கொடுத்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கீழக்கரைக்காரர். ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஒரு மாடி அறை. அவர், நான், அடிக்கடி மக்கர் பண்ணுகிற ஒரு பிரின்டர், அவ்வளவுதான் கம்பெனி. சேர்ந்த புதிதில் என் கவலையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “பயப்படும்மா, தப்பில்ல. ஆனா எதுக்குப் பயப்படறேன்னு உனக்கே தெரிஞ்சிருக்கணும். இல்லேன்னா அது உன் கண்ண மறைச்சிரும்.” தலையாட்டினேன். புரிந்த மாதிரிதான் இருந்தது.

இனி அந்த வாரம்.

ஹைட்ஸ் பகுதியில் ஒரு பழைய மர வீடு. சென்னை மடிப்பாக்கத்திலிருந்து வந்த பவித்ராவும் செந்திலும் அதை வாங்கிக் குடியேறியிருந்தார்கள். அவன் பேங்க் ஒன்றில் ஐடி கான்ட்ராக்டர். தினமும் ரயிலேறி மன்ஹாட்டன் போய் வருவான். அவர்களுடைய பெண் மகதிக்கு இரண்டு வயது. அப்பா ஸ்டேஷனிலிருந்து நடந்து வருவதைப் பார்க்க ஜன்னலோரம் நின்று, ஜன்னல் கட்டையைக் கடித்துக்கொண்டே காத்திருப்பாளாம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிற அந்த ஈயம் அதிகமாக இருந்தது. டாக்டர் சிட்டி சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல, சிட்டியிலிருந்து வந்து பார்த்து, ஈயத்தை அகற்றும் வேலை முடிந்து, லைசென்ஸ் உள்ள இன்ஸ்பெக்டர் ஒருவர் தூசு சாம்பிள் எடுத்து வீடு சுத்தம் என்று எழுதிக்கொடுக்கும்வரை குழந்தை அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படி எழுதிக்கொடுப்பதைத்தான் க்ளியரன்ஸ் என்கிறோம்.

மகதியை டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே எல்லாமே புது வீடுகள், ஈயப் பெயின்ட் என்ற பேச்சே கிடையாது. பவித்ரா தினமும் வீடியோ காலில் பார்ப்பாள். கான்ட்ராக்டர் ஆட்கள் ஜன்னல்களை எல்லாம் மாற்றினார்கள். வாசல் நிலையை மட்டும் பெயர்க்க வேண்டாம் என்று பவித்ரா கேட்டுக்கொண்டாளாம். வேலைப்பாடுள்ள பழைய மரம், ஊரில் பார்க்கிற நிலை மாதிரியே இருந்தது. அதனால் அதன்மேல் ஈயப் பெயின்டை உள்ளேயே அடைத்துவைக்கிற தடித்த பூச்சு ஒன்றைப் பூசினார்கள். அனுமதிக்கப்பட்ட வழிதான். வேலை முடிந்தது. திங்கட்கிழமை நான் போய் க்ளியரன்ஸ் பார்க்க வேண்டும், சனிக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு பெரியம்மா விமானம் ஏறுவதாக ஏற்பாடு.

என் லைசென்ஸ் அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் முடிக்கத்தான் ரிஃப்ரெஷருக்குப் பதிவு செய்திருந்தேன். க்ளாஸ் அன்றைக்குப் பெரிய பனிப்புயல். க்ளாஸ் ரத்து. அடுத்த க்ளாஸ் சில வாரம் தள்ளி. பாயிடமும் லைசென்ஸ் இருந்தது, ஆனால் அவர் மகனுக்குக் குழந்தை பிறந்திருந்ததால் மேற்குக் கரையில் சன்னிவேலில் இருந்தார். தெரிந்த மற்ற கம்பெனிகளையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தேன். புயலால் தள்ளிப்போன வேலைகளே எல்லோருக்கும் தலைக்குமேல் கிடந்தன.

போனில் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. திங்கட்கிழமை கருவி, பெட்டி எதுவும் இல்லாமல் வெறும் கையோடு போனேன். வழியெல்லாம், எப்படிச் சொல்லப்போகிறேன், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பேன் என்றே மனசுக்குள் ஒத்திகை. படியேறினேன், பெல் அடித்தேன், வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அந்த வாசலை நான் பார்க்கவே இல்லை. கண் இருந்தது, பார்க்கவில்லை.

பவித்ரா என் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

“பெட்டி எங்க ஆன்ட்டி? கார்லயா?”

சொன்னேன். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. புயல், க்ளாஸ், தேதி என்று எப்படியோ சொல்லி முடித்தேன். பாய் அடுத்த வாரக் கடைசியில் வந்ததும் முதல் வேலையாக இங்கேதான் வருவார் என்றேன்.

செந்தில் அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தான். காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வந்தான். கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் கேட்டான்.

“ஆன்ட்டி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. டிரைவிங் லைசென்ஸ் எக்ஸ்பயர் ஆயிடுச்சுன்னா கார் ஓட்ட மறந்துடுமா?”

“மறக்காது தம்பி.”

“அப்ப சாம்பிள் எடுங்க. வெள்ளிக்கிழமை வந்தேன்னு டேட் போடுங்க. வெள்ளிக்கிழமை உங்க லைசென்ஸ் இருந்துச்சுல்ல? லேப்ல டெஸ்ட் பண்ணப்போறது தூசியத்தானே, கேலண்டரையா?”

“வெள்ளிக்கிழமை கான்ட்ராக்டர் ஆளுங்க இங்க க்ளீன் பண்ணிட்டு இருந்தாங்க.”

“அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். வேற யார் பாக்கப்போறா?”

“யாராவது ஒருத்தர் பாத்தா இந்த ரிப்போர்ட்டே செல்லாது. பாப்பா வந்தப்புறம் திரும்ப அனுப்பச் சொல்லுவாங்க.”

“அனுப்பச் சொன்னா அப்ப பாத்துக்கறோம்.”

பவித்ரா சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புது மெத்தை ஒன்று பிளாஸ்டிக் உறையோடு சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தது, சின்ன மெத்தை.

“நேத்து வீடியோல எங்க அக்காவப் பாத்து அம்மான்னு கூப்பிட்டா ஆன்ட்டி,” என்றாள். “எங்க அக்கா உடனே, ‘நான் பெரிம்மாடீ, அம்மா போன்ல இருக்கா பாரு’ன்னா. இவ போன பாத்துட்டு, திரும்பி அவ தோள்ல படுத்துக்கிட்டா.”

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது என் மகளின் விசா சிக்கிக்கொண்டது. அவளை என் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தோம். சீக்கிரம் வந்துவிடும் என்றார்கள். சீக்கிரம் வரவில்லை. கடைசியில் நெவார்க் ஏர்போர்ட்டில் என் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் ஓடிப்போய்க் குனிந்தேன். அவள் அவன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “மாமா, இந்த ஆன்ட்டி யாரு?” என்று கேட்டாள். இப்போது இன்ஜினியராக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறாள், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த நாளுக்கு முந்தின வருஷங்களை என்னிடம் யாரும் திருப்பித் தரவில்லை.

ஆகவே பவித்ரா அப்படிச் சொன்னதும், காரில் பின்சீட்டுக்கு அடியில் சாம்பிள் எடுக்கிற குழாய்கள் ஒரு பாக்கெட் கிடப்பது ஞாபகத்துக்கு வந்தது. எடுத்து வந்தால் மதியத்துக்குள் முடிந்துவிடும். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு சமையலறைப் பக்கம் போய் பாய்க்குப் போன் போட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். பின்னால் கைக்குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: “போடுன்னு நான் சொல்லமாட்டேன், போடாதேன்னும் சொல்லமாட்டேன். கார்டு உம் பேர்ல இருக்கு தங்கச்சி.”

“நீங்க ஏதாவது சொல்லுங்க பாய்.”

“நீ எதுக்குப் பயப்படறே, அதச் சொல்லு. மாட்டிக்குவோம்னா?”

யோசித்தேன். அது மட்டும் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து ஜன்னலையோ தரையையோ நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணெல்லாம் அந்தச் சின்ன மெத்தையின் மேலேயே இருந்தது. இந்த மனசோடு சாம்பிள் எடுத்தால், சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற இடத்திலேயே என் கை போகும்.

“இந்தப் புள்ள வீட்டுக்கு வரணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு பாய். அந்த ஆசைக்குத்தான் பயமா இருக்கு,” என்றேன்.

“அப்ப ஏன் எங்கிட்ட கேக்கறே,” என்றார். குழந்தை மறுபடி அழுதது. “நான் டிக்கெட்ட முன்னாடி மாத்த முடியுதான்னு பாக்கறேன்,” என்று வைத்துவிட்டார்.

திரும்பி வந்து முடியாது என்று சொன்னேன். செந்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனான். பவித்ரா எழுந்து நின்றாள்.

“உங்களுக்குப் பசங்க இருக்காங்களா ஆன்ட்டி?”

“ஒரு பொண்ணு.”

“கூடவே வளர்ந்தாளா?”

என் பார்வை அந்தச் சின்ன மெத்தைக்குப் போயிற்று. அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். “அப்ப உங்களுக்குப் புரியாது. கிளம்புங்க ப்ளீஸ்.”

வாசலுக்கு வந்தேன். கண் கலங்கியிருந்ததால் நின்றபடி ஷூ மாட்ட முடியவில்லை. வெளிப்படியில் உட்கார்ந்து லேஸைக் கட்டினேன். குனிந்தபோது நிலைப்படி முகத்துக்கு நேரே இருந்தது. மஞ்சள் பூசி, வரிசையாகக் குங்குமம் வைத்திருந்தாள். அதன்மேல் வெள்ளையாகப் பொடி சிந்தியிருந்தது. கோலப்பொடி என்றுதான் நினைத்தேன். லேஸை முடிச்சுப் போட்டு எழுந்திருக்கப்போனவள் மறுபடி குனிந்தேன். கோலப்பொடி மாவு மாதிரி இருக்கும். இது செதில் செதிலாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

தலைக்குமேல் மாவிலைத் தோரணம். நெவார்க் அவென்யூ இந்தியக் கடையில் வாங்கிய பச்சை இலைகள், வாடாமல் இருந்தன. நிலையின் தலைக்கட்டையில் ஆணி அடித்துக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் புதுப் பூச்சு நட்சத்திரம் மாதிரி வெடித்து, உள்ளே இருந்த பழைய பெயின்ட் தெரிந்தது. படியில் மஞ்சளுக்குக் கீழே பூச்சு பல இடத்தில் கீறிப்போய், பழைய பெயின்ட் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது.

இந்த வேலையில் நான் எடுத்த முடிவுகளிலேயே கஷ்டமானது எது என்று கேட்டால், கையெழுத்துப் போடாததைச் சொல்ல மாட்டேன். மறுபடி பெல் அடித்ததைத்தான் சொல்வேன். போய்விட்டிருக்கலாம். பாயிடம் போனில் சொன்னால் வந்து பார்த்துச் சொல்லிக்கொள்வார். என்னைக் கிளம்பச் சொன்ன வீடு அது. விரல் பெல்மேல் இருந்தது, அழுத்த வரவில்லை. ஆனால் அவள் சாயங்காலம் இந்த வாசலைப் பெருக்குவாள். பெருக்கினால் தூசு வீடு முழுக்கப் போகும்.

கதவைத் திறந்தவள் முகத்தில், மனசு மாறித் திரும்பி வந்திருக்கிறாள் என்ற நம்பிக்கை தெரிந்தது. அது இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

“பவித்ரா, இந்த ஆணி யாரு அடிச்சது?”

“நான்தான். அவ வர்றால்ல, அதுக்கு. ஏன்?”

“படிய எதால தேய்க்கறே?”

“பாத்திரம் தேய்க்கற ஸ்டீல் ஸ்க்ரப்பர். பழைய மஞ்சள் போகாதே.” சொல்லும்போதே என் கண் போகிற இடத்தைப் பார்த்தாள். “கான்ட்ராக்டர் ட்ரில் பண்ணாதீங்க, படம் மாட்டாதீங்கன்னுதான் சொன்னார். இது படம் இல்லையே.”

“இல்லதான்.”

“தோரணம் ஆன்ட்டி இது.”

“தெரியும்மா. உள்ள இருக்கற பழைய பெயின்ட் திறந்துக்கிச்சு. இங்க விழுந்திருக்கறது அதோட தூசிதான்.”

தலைக்குமேல் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு உள்பக்கம் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். “வேலை நடந்தப்ப எல்லாம் வெளிய தங்கியிருந்தோம். அவங்க முடிச்சுட்டுப் போன அன்னைக்கே வந்து தேய்ச்சேன். தினமும் தேய்ச்சேன். அவ நல்லபடியா வரணும்னு வேண்டிக்கிட்டேதான் தேய்ச்சேன்.”

நான் என்ன சொல்ல முடியும்? உன் தப்பில்லை என்றேன். தோரணம் கட்டுவாயா என்று எங்கள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை என்றேன். நானே மஞ்சள் பூசுகிற வீட்டிலிருந்து வந்தவள், எனக்கே தோன்றவில்லை. அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

செந்தில் சத்தம் கேட்டு இறங்கி வந்தான். பெருக்கக் கூடாது, ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும், கான்ட்ராக்டர் வரும்வரை பின்வாசலைத்தான் புழங்க வேண்டும் என்று சொன்னேன். பிளாஸ்டிக் ஷீட்டும் டேப்பும் கொண்டுவந்து வாசலை மூட ஆரம்பித்தான். தோரணத்தை மட்டும் எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் கையை உயர்த்தியபடி நின்றான். “இருக்கட்டும் தம்பி, அவங்க வந்து எடுத்துப்பாங்க” என்றேன். ஷீட்டுக்கு உள்ளே இலைகள் மங்கலாகத் தெரிந்தன.

“அப்ப எதுல கட்டறது?” என்றாள் பவித்ரா. என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

“ஒட்டற ஹூக் கிடைக்கும்மா. கரண்டி மாட்டுவாங்களே, அது. நிலைக்கு மேல பலகை போட்டு மூடிட்டாங்கன்னா அதுல ஒட்டிக்கலாம்.”

அவள் மாடிக்குப் போனாள். பிறகு இறங்கி வரவில்லை. செந்தில் என் ஷூவின் அடிப்பாகத்தை ஈரக் காகிதத்தால் துடைத்துப் பின்வாசலில் கொண்டுவந்து வைத்தான். “பாத்துப் போங்க ஆன்ட்டி, ஐஸ் இருக்கு” என்றான்.

சனிக்கிழமை டிக்கெட்டை ரத்து செய்தார்கள். கான்ட்ராக்டர் நிலையையும் படியையும் பலகை போட்டு மூடி, மறுபடி சுத்தம் செய்ய நாளாயிற்று. பாய் பேரனை விட்டுவிட்டு முன்னதாகவே கிளம்பி வந்து க்ளியரன்ஸ் பார்த்தார். “சுத்தமா இருக்கு, பாஸாயிடுச்சு” என்று சொன்னார். குழந்தை வருவதைப் பார்க்க நான் போகவில்லையா என்று கேட்டார். என்னைப் பார்க்க அவளுக்குப் பிடிக்காது என்றேன். மகதி எந்த விமானத்தில் வருகிறாள் என்பதுவரை தெரிந்துவைத்திருந்தேன்.

அவள் வந்த அன்றைக்குத்தான் எனக்குத் தள்ளிப்போன ரிஃப்ரெஷர் க்ளாஸ். இப்போது தரையிறங்கியிருப்பாள், இப்போது கார் சீட்டில் உட்கார்ந்திருப்பாள், இப்போது வாசலுக்கு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவைப் பார்த்ததும் என்ன செய்திருப்பாள்? யார் காலுக்குப் பின்னாலாவது ஒளிந்தாளா? காபி நேரத்தில் ஈக்வடார்காரர், “என்ன, பேனா ஓடிப்போச்சா?” என்றார். நடந்ததைச் சொன்னேன். மேஜையில் இருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அவர் டோனட்டைக் கீழே வைத்துவிட்டு, “நாங்க குருத்தோலை ஞாயிறு ஓலைய கதவுமேல ஆணி அடிச்சுத்தான் வைப்போம்” என்றார். எதிரே இருந்த ஒரு பெண், யூதக் குடும்பங்களில் வாசல் நிலையில் ஒரு சின்னக் குழலை ஆணியடித்துப் பதிப்பார்கள், அது அவள் வீட்டிலும் இருக்கிறது என்றாள். இன்னொருவர் கிறிஸ்துமஸ் வளையம் என்றார். எந்த வீட்டிலும் ஆசை வந்தால் எல்லோர் கையும் முதலில் வாசலுக்குத்தான் போகிறது. பாடம் நடத்தியவர் போர்டில் அதை எழுதிப்போட்டார்.

அன்று முதல் க்ளியரன்ஸ் பார்க்கப் போகிற வீட்டில் எல்லாம் ஒரு கேள்வி கேட்பேன்: “குழந்தை வந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க?” அதை எந்தப் படிவத்திலும் நீங்கள் பார்க்க மாட்டீர்கள். கேட்டதும் எப்பேர்ப்பட்ட கறாரான மனுஷனும் சிரித்துவிடுவான். பிறகு சொல்வான். எங்கே ஆணி அடிப்பான், எதைத் தேய்ப்பான், எந்தச் சுவரில் உயரம் குறிப்பான் என்று எல்லாம் அந்தப் பதிலில் வந்துவிடும். பையில் எப்போதும் ஒட்டுகிற ஹூக் வைத்திருந்தேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

பவித்ரா கூப்பிடவில்லை. கூப்பிடுவாள் என்று ரொம்ப நாள் எதிர்பார்த்தேன். தெரியாத நம்பர் வந்தாலும் எடுத்துப் பார்ப்பேன்.

முழங்கால் ஒத்துழைக்காமல் போனபிறகு, ரிஃப்ரெஷருக்கு வந்த ஞாபகமூட்டும் மெயிலுக்கு ஒருமுறை பதில் போடாமல் விட்டேன். அவ்வளவுதான், என் லைசென்ஸ் தானாக முடிந்தது. பரீட்சை பயம் விட்டது என்று சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் கார்டு இருந்தவரை எந்தத் தெருவில் எந்தக் கதவையும் நான் தட்டலாம். யார் வீட்டுக் குழந்தை எந்த ஜன்னலோரம் நிற்கிறது என்று கேட்கிற உரிமை எனக்கு இருந்தது. இப்போது நான் தெருவில் நடந்துபோகிற ஒரு கிழவி.

போன மாதம் பல் டாக்டரைப் பார்க்க ஹைட்ஸ் பக்கம் போயிருந்தேன். வேலை முடிந்ததும் வேண்டுமென்றேதான் அந்தத் தெருவழியாகப் போய் எதிர்ப்பக்கம் நின்றேன். வீட்டுக்கு வேறு கலர் அடித்திருந்தார்கள். பழைய நிலை பலகைக்குள் மறைந்தே இருந்தது. அதன்மேல் தோரணம், இந்தத் தடவை துணியில் செய்தது. எதில் மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து கிட்டே போனேன். கரண்டி மாட்டுகிற பிளாஸ்டிக் ஹூக், வரிசையாக ஒட்டியிருந்தது. பெல் அடிக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

அப்போது கதவு திறந்தது. வாசலில் கிடந்த பார்சலை எடுக்க ஒரு பெண் வந்தாள். ஒல்லியாக, உயரமாக, பல்லில் கம்பி. நெற்றி அப்படியே பவித்ரா.

என்னைப் பார்த்து, “ஆர் யூ லுக்கிங் ஃபார் சம்ஒன்?” என்றாள்.

“இல்லம்மா, சும்மா பாத்தேன்.”

தமிழைக் கேட்டதும் சிரித்தாள். உள்ளே திரும்பி, “அம்மா, சம்ஒன்ஸ் ஹியர்!” என்று குரல் கொடுத்தாள்.

“யாருடீ?” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பக்கத்திலேயே, ஒரே அறை தள்ளி.

“வேணாம்மா, நான் கிளம்பறேன்,” என்றேன்.

“ஓகே, ஆன்ட்டி,” என்றாள். பார்சலைத் தூக்கிக்கொண்டு, படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டாள்.